ரேவதி டீச்சரின் மொட்டை

1

நான் வேலை பார்க்கும் பள்ளியில், வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று நான்கு கட்டங்கள். காலையில் உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய அட்டையை எடுத்து ஏதாவது ஒரு கட்டத்தில் ஒட்ட வேண்டும். பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் என்றால் மனசு படபடக்கிறது. நீலம் என்றால் சோர்வு, துக்கம். சிவப்பு என்றால் இன்றைக்கு என்னிடம் யாரும் வாலாட்டாதீர்கள். அந்தப் பலகைக்கு அருகில் நிற்பதுதான் என் காலை நேர உத்தியோகம். நீலத்திலோ சிவப்பிலோ ஒரு அட்டை விழுந்தால், அந்தப் பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய்க் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைத் திருத்தணியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "புள்ளைங்க மூஞ்சிய பாக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆளா? அப்ப டீச்சருங்க இன்னாத்த பாப்பாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கும் முதல் மாதம் முழுக்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

இன்று திங்கட்கிழமை. இந்த வாரம் ஆசிரியர் நல வாரமாம். காலையில் போனால், ஓய்வறையில் கேக்கும் வாசனை மெழுகுவத்தியும் வைத்து, சுவரில் பெரியவர்களுக்கென்று அதே பலகையை மாட்டியிருக்கிறார்கள். என் பெயருக்கும் ஒரு அட்டை இருந்தது. என் பெயர் என்றால் நைனாவின் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது அப்பா பெயர் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரர் ஊரான இந்த அபர்தீனுக்கு வந்து பதினோரு வருடங்களாக வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் வசந்தியாகிய நான் முனிரத்னம்தான். பெரிய மனு எல்லாம் எழுதிப் பார்த்தும் மாற்றவில்லை. நைனா திருத்தணி–பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விமானத்தைக் கிட்டத்தில் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். இங்கே அவர் பெயரில் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள்.

முனிரத்னம் இன்று எப்படி இருக்கிறார் என்று அந்தப் பலகை கேட்டது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் பச்சையில் ஒட்டிவிட்டுக் கேக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கை வரவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இங்கே ஜூன் மாதத்திலும் கோட்டுதான்.

ஏன் ஒட்ட முடியவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

ரேவதி என் தங்கை. திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், அவளுக்கு இருக்கிற தொல்லை போதும். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். வீட்டில் அவளும் அம்மாவும்தான். பத்தாம் வகுப்பு என்றால் வருடா வருடம் அவள் தலையில்தான் கட்டுவார்கள், ஏனென்றால் அவள் முடியாது என்று சொல்லத் தெரியாதவள். சின்ன வயதில் நான் தின்ற முறுக்குக்கும் அவள்தான் அடி வாங்குவாள்.

பத்தாம் வகுப்புக்குக் காலையில் பள்ளி தொடங்கும் முன்பும் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் பள்ளி விட்ட பிறகும் ஸ்பெஷல் கிளாஸ். அவளுடைய பிள்ளைகளில் நிறையப் பேர் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். வீட்டில் தறி ஓடும். எழுந்ததும் தார் சுற்ற வேண்டும். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்போம். சுற்றி முடித்து, இருந்தால் இரண்டு இட்லி, இல்லாவிட்டால் அதுவும் இல்லாமல், ஓடி வந்து பஸ் பிடிப்பார்கள். சாயங்காலம் ஆனதும் அந்தப் பிள்ளைகளுக்குக் கண் தானாகச் சொருகும்.

அதற்கு ரேவதி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சாயங்கால வகுப்பில் முதல் பத்து நிமிடம் கணக்கு கிடையாது. "தல கவுத்துக்கோங்கடி" என்பாள். பிள்ளைகள் மேஜையில் கையை மடித்து, அதன்மேல் தலையை வைத்துக்கொள்வார்கள். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பாள். நோட்டுத் திருத்த மாட்டாள், போனைத் தொட மாட்டாள்.

"நீயும் சேர்ந்து கொஞ்சம் கண்ணை மூடேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"அதெப்டிக்கா? ஒருத்தர் முழிச்சிகினு இருந்தாத்தான் மத்தவங்களுக்கு நிம்மதியா தூக்கம் வரும்" என்றாள்.

பத்து நிமிடம் கழிந்ததும் கரும்பலகையில் சாக்பீசால் மெதுவாக இரண்டு தட்டு. எழுந்து, முகம் கழுவி, கணக்குப் போடுவார்கள். பல வருடம் இப்படித்தான் நடந்தது. யாரும் இதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை.

போன நவம்பர் வாக்கில் ஒரு அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்தார். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் தூங்க, டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தார். மறுவாரம் மெமோ வந்தது. பணி நேரத்தில் மாணவிகளை உறங்க விட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ரேவதி எனக்கு வீடியோவில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நல்ல வேளக்கா, நானும் தூங்கிகினு இருந்திருந்தா சஸ்பெண்டே பண்ணியிருப்பாரு" என்றாள். நானும் சிரித்தேன்.

இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பள்ளியில் அமைதி நேரம் உண்டு. மெல்லிய இசை வைத்து, விளக்கைக் குறைத்து, பிள்ளைகளைத் தலை சாய்க்கச் சொல்வோம். அதற்கு எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். ரேவதி மெமோ கதையைச் சொன்ன நேரத்தில் அந்தச் சான்றிதழ் எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அவளுக்குத் தெரியாதபடி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மெமோ வந்த அன்றோடு அந்தப் பத்து நிமிடம் நின்றுபோனது.

3

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் ரேவதி வந்தாள். தலை மொட்டை. அதன்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

இதைப் படிப்பவர்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் மொட்டைத் தலை ஒரு விஷயமே இல்லை. மலைமேல் முருகன் இருக்கிறார், அவருக்கு முடி கொடுப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பத்துத் தலைக்கு மூன்று தலை சந்தனம் பூசியிருக்கும். பெண்களும் கொடுப்பார்கள். பாங்கில் பணம் தரும் அம்மாள் ஒருநாள் மொட்டையோடு இருப்பார். நாம் "எப்ப குடுத்தீங்க?" என்று கேட்போம், அவர் "வெள்ளிக்கெழம" என்பார், அவ்வளவுதான். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை. வேண்டுதல் என்பது அவரவருக்கும் சாமிக்கும் நடுவில் இருப்பது.

எனவே நானும், "ஏய், எப்ப வேண்டிக்கிட்ட? சொல்லவே இல்ல?" என்றுதான் கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேற எதுக்கு? புள்ளைங்க எல்லாம் பாஸாவணும்னுதான். கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றா. தனியா போய்க் குடுத்துட்டு வந்துட்டா பாரு. என்னையாச்சும் இட்டுகினு போயிருக்கலாமில்ல?"

ரேவதி தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். மண்டை அழகாக இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

ஒரு நெருடல் மட்டும் எனக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில், இது நடந்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். நடந்த பிறகுதான் கொடுப்பார்கள். பரீட்சையே இன்னும் எழுதவில்லை, ரிசல்ட்டுக்கு மாசக் கணக்கில் இருக்கிறது. கடன் வாங்குவதற்கு முன்னால் யாராவது வட்டி கட்டுவார்களா? ஆனால் டீச்சர் உத்தியோகத்தில் இருக்கிறவள், கொஞ்சம் அவசரக்காரியாக இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பள்ளியில் நடந்ததை அடுத்த வாரம் அம்மா பெருமையோடு சொன்னாள். திங்கட்கிழமை பிரேயரில் எச்.எம். அம்மா ரேவதியை மேடைக்குக் கூப்பிட்டாராம். "பாருங்க, உங்களுக்காக நம்ம ரேவதி டீச்சர் முடிய குடுத்துட்டு வந்திருக்காங்க. நீங்க இவங்களுக்கு என்ன குடுக்கப் போறீங்க? நூத்துக்கு நூறு குடுக்கணும்" என்றாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓவென்று அழுதார்களாம். ரேவதியும் அழுதாளாம்.

"சந்தோஷத்துலதான்" என்றாள் அம்மா.

எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை மார்கரெட்டிடம்கூட நான் இதைப் பீற்றிக்கொண்டேன். மாணவிகள் தேறுவதற்காகத் தன் கூந்தலைக் கடவுளுக்குக் கொடுத்த ஆசிரியை என்றால் வெள்ளைக்காரிக்கு எப்படி இருக்கும்? நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று இரண்டு முறை சொன்னார்.

4

என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். தமிழ் புரியும். பேசினால் ஒரு வார்த்தை தமிழில் ஏறி, அடுத்த வார்த்தை ஆங்கிலத்தில் இறங்கும். பெரியவர்களை நீங்க என்று சொல்லச் சொல்லி நான் தோற்றுவிட்டேன். போன தடவை ஊருக்குப் போனபோது மலைப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, கூட்டத்தில் நாலு பேரிடம் திட்டு வாங்கினாள். முருகன் யார் என்றால், மயில் வைத்திருக்கிறவர் என்பாள். இந்தப் பிள்ளை நம் ஊருக்கு ஒட்டாது என்று நான் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அவள்தான் அந்த மொட்டையைப் பார்த்துவிட்டு என்னை விடவில்லை. "சித்திக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை, சாமிக்குக் கொடுத்திருக்கிறாள் என்று விளக்கினேன். "சித்தி சொன்னாங்களா, இல்ல நீ சொல்றியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நம் பழக்கம் உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் இனியா போனை எடுத்துவிட்டாள். அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"சித்தி, நீ சாமிக்குக் குடுத்தியா, இல்ல சோகமா இருக்கியா?"

நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கரண்டியோடு எட்டிப் பார்த்தால் ரேவதியின் முகம் திரையில் அப்படியே இருந்தது.

"சாமிக்குக் குடுக்கல கண்ணு" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வகுப்பில் தனலட்சுமி என்று ஒரு பிள்ளை. பொதட்டூர்பேட்டைக்காரி, கணக்கில் கெட்டி. பத்து நிமிடத் தூக்கம் நின்றுபோனபின் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். எல்லா டீச்சரிடமும் திட்டு வாங்கினாள். ரேவதியும் மெமோவுக்குப் பயந்து அவளை எழுப்பி நிற்க வைத்தாள். பொங்கல் லீவு முடிந்து அந்தப் பிள்ளை வரவே இல்லை. ரேவதி பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. தனலட்சுமி தார் சுற்றும் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாளாம்.

"அங்க வந்தா தூக்கம் வருது டீச்சர். நீங்களும் நிக்க வெக்கிறீங்க. இங்க வேலையாச்சும் ஆவுது."

ரேவதி எவ்வளவோ கெஞ்சினாள். அதன் பிறகும் இரண்டு முறை போனாள். எச்.எம். அம்மா வேறு, பரீட்சைக்கு வராத பிள்ளை பேர் லிஸ்ட்டில் இருந்தால் பர்சன்டேஜ் என்ன ஆகும் என்று தினமும் கேட்டார்.

"அப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு கண்ணு. கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவ பேரு வந்தா நெஞ்சு அடிச்சிக்கும். ஒருநாள் போர்டுல கணக்கு எழுதிகினே இருந்தேன். எழுதி முடிச்சிட்டேன். புள்ளைங்க பக்கம் திரும்ப முடியல. பெல் அடிக்கிற வரைக்கும் போர்ட பாத்தே நின்னுகினு இருந்தேன். புள்ளைங்களும் ஒண்ணும் கேக்கல."

"Then?" என்றாள் இனியா.

"தல ரொம்ப பாரமா இருந்துச்சு. முடி இருக்கறதாலதான் பாரம்னு தோணிச்சு. நெசமாவே அப்டித்தான் தோணிச்சு. மலைக்குப் போனேன். ஒக்காந்தேன். எடுத்துட்டாங்க. எழுந்து கீழ வந்துட்டேன்."

"முருகனைப் பாக்கலையா?"

"உள்ள போகல கண்ணு. சாமிய பாக்கல."

இனியாவுக்கு இது சாதாரணமாகத்தான் பட்டிருக்கும். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். திருத்தணி மலையேறி, முடி கொடுத்து, குளிக்காமல், சந்நிதிக்குப் போகாமல் ஒருத்தி இறங்கி வந்திருக்கிறாள். சந்தனம்? கீழே கடையில் வாங்கிப் பூசிக்கொண்டாளாம். அம்மா பயந்துவிடக் கூடாது என்று.

பெற்ற தாயிடம் சொல்லாததை, என்னிடம் சொல்லாததை, தமிழ் பாதிதான் புரியும் ஒரு பிள்ளையிடம் சொன்னாள். பாதிதான் புரியும் என்பதால்தான் சொன்னாளோ என்னவோ.

5

அன்றிலிருந்து நான் செய்ததை எல்லாம் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

முதலில் மார்கரெட்டிடம் போனேன். ஊழியர்கள் மனம் விட்டுப் பேச எங்களுக்கு ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. என் தங்கை அதில் பேசலாமா என்று கேட்டேன். தலைபாரம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் தடுமாற, ஒற்றைத் தலைவலியா என்று கேட்டார். இல்லை இல்லை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மார்கரெட் நல்ல மனுஷி, கண் கலங்கிவிட்டார். ஆனால் சேவை எங்கள் ஊழியருக்கு மட்டும்தானாம். தங்கையைப் பற்றிக் கவலைப்படுகிற எனக்கு வேண்டுமானால் ஆறு முறை ஆலோசனை கிடைக்குமாம். பசித்தவள் திருத்தணியில் இருக்கிறாள், எனக்கு இலை போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு முறை போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு ரேவதியிடம் லீவு போடச் சொன்னேன். "மெடிக்கல் லீவுல இன்னான்னு போடறது? மனசுன்னு போட்டா சர்வீஸ் முழுக்க பின்னாடியே வரும்க்கா. டைபாய்டுன்னு போடச் சொல்றாங்க, அதுக்கும் பரீட்ச முடியட்டும்ன்றாங்க" என்றாள். அரக்கோணத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அங்கே தன் பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்றாள். சென்னைக்குப் போ என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு என்றாள்.

மே மாதம் இங்கே வா, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்றேன். என் வீட்டுக்காரர் டிக்கெட் விலையெல்லாம் பார்த்துவிட்டார். "பாவாவ சும்மா இருக்கச் சொல்லுக்கா" என்றாள் ரேவதி. அரசு ஊழியர் வெளிநாடு போவதற்குத் துறையிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு எச்.எம். அம்மா வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மெமோ நிலுவையில் இருக்கிறதா என்று அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. இருக்கிறது. அந்த மெமோவுக்கு அவள் கொடுத்த விளக்கத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

அவள் பள்ளியிலேயே, மனச் சங்கடம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு போன் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியது ரேவதிதான். அதில் பேசினாயா என்று கேட்டேன். "அது புள்ளைங்களுக்குக்கா" என்றாள்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். சாமி பார்க்காமல் இறங்கினாள் என்றதுமே அம்மா நிலைகுலைந்துவிட்டாள். அவளுக்கு அதுதான் பெரிய வியாதியாகத் தெரிந்தது. மறுநாளே ரேவதியை இழுத்துக்கொண்டு மலைக்குப் போய் அபிஷேகம் செய்து கூட்டிவந்தாள். "எல்லாம் சரியாப் போச்சு, இனிமே தூக்கம் வரும்" என்று எனக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அவ்வளவு நிம்மதி. அதை நான் எப்படிக் கெடுப்பேன்?

தனலட்சுமிக்காகவும் ஏதாவது செய்ய வேண்டுமென்று துடித்தேன். ரேவதி போய்ப் பார்த்தே நடக்காதது, அபர்தீனில் உட்கார்ந்திருக்கும் என்னால் என்ன நடக்கும்? தனலட்சுமியின் வகுப்பு நண்பி ஒருத்தியின் அம்மாவிடம் போனில் பேசினேன். "அந்தப் பொண்ணுக்கு மாப்ள பாக்கறாங்கம்மா" என்றார். போனை வைத்துவிட்டேன்.

6

மே மாதம் ரிசல்ட் வந்தது. தனலட்சுமியின் பெயரைப் பரீட்சைக்கு முன்பே எப்படியோ நீக்கிவிட்டிருந்தார்கள். பரீட்சை எழுதிய எல்லாரும் பாஸ். கணக்கில் இரண்டு பேர் நூற்றுக்கு நூறு. பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அம்மா படம் எடுத்து அனுப்பினாள். ஓரத்தில் ரேவதியின் படமும் இருந்தது, பிப்ரவரியில் மொட்டைத் தலையோடு எடுத்தது.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நானும் நினைக்கப் பழகிக்கொண்டிருந்தேன். முடி வளர ஆரம்பித்திருந்தது. எப்போது கேட்டாலும், "ஆங், நல்லா இருக்கேன்க்கா" என்பாள். எங்கள் ஓய்வறைப் பலகையில் எல்லாரும் பச்சையில் ஒட்டுவதுபோல.

ஜூனில் பள்ளி திறந்தது. மறுபடியும் பத்தாம் வகுப்பு அவளுக்குத்தான். முதல் நாள் ஆசிரியர் கூட்டத்தில் எச்.எம். அம்மா அவளைப் பாராட்டிச் சால்வை போர்த்தினார். கெட்டவர் இல்லை அவர். அவருக்கும் மேலே இருந்து தினமும் போன் வருகிறது, அவருக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் இருக்கிறது. மனசாரத்தான் சொன்னாராம்.

"இந்த வருஷமும் ஒரு மொட்டைய போட்டுடுங்க டீச்சர். உங்க ராசி, நமக்கு நூறு பர்சன்ட் வந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அம்மாவும் அதை நல்ல விஷயமாகத்தான் எனக்குச் சொன்னாள்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குக் காலை, அவர்களுக்கு மத்தியானம். வெயில் தாழவில்லை. அம்மா கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ரேவதி மட்டும் வீட்டில். அவளாகவே கூப்பிட்டாள், அதுவும் என் போனுக்கு இல்லை, இனியாவின் போனுக்கு. இப்போதெல்லாம் அப்படித்தான்.

இனியா சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரேவதியின் முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. முன்னால் ஒரு மேஜை, அதில் திருத்தாத நோட்டுகள். நாலு நாளாகக் கண் மூடவில்லை என்று ஏதோ அடுத்த வீட்டுச் செய்தி போலச் சொன்னாள். நான் உடனே ஆரம்பித்தேன். டாக்டரைப் பார், பால் குடி, போனைத் தள்ளி வை, மூச்சை இழுத்து விடு. எங்கள் பள்ளியில் படித்த பாடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஸ்டாப்" என்றாள் இனியா.

நிறுத்தினேன். மலையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் திரை வழியே சன்னமாகக் கேட்டது.

"இனியா, நீ இப்ப எங்கனா போறியா?" என்று ரேவதி கேட்டாள்.

"இல்ல சித்தி."

"ஒரு பத்து நிமிஷம் அங்கயே இருப்பியா? பேச வேணாம். சும்மா இருந்தா போதும்."

"இருக்கேன்."

"முழிச்சிகினு இருக்கணும்."

"முழிச்சிகினு இருக்கேன்" என்றாள் இனியா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரேவதி நோட்டுகளை ஒதுக்கினாள். கைகளை மேஜைமேல் மடித்தாள். தலையை அதன்மேல் கவிழ்த்தாள். திரை முழுக்க அவள் தலைதான் தெரிந்தது. முடி இரண்டு விரல்கடை வளர்ந்திருந்தது, உச்சியில் இரண்டு சுழி. சின்ன வயதில் நான்தான் அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னல் போடுவேன். இரட்டைச் சுழிக்காரி பிடிவாதக்காரி என்று அம்மா சொல்வாள். இவளோ எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டி வளர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு சீராக ஏறி இறங்க ஆரம்பித்தது.

இனியா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். என் போன் அவள் கையருகே இருந்தது, தொடவில்லை.

பத்து நிமிடம் போயிற்று. பதினைந்தாயிற்று. மேஜையைத் தட்டி எழுப்ப வேண்டியது இனியாதான், அவள் தட்டவில்லை. எனக்கு ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும் போலிருந்தது. அந்தத் தலைமேல் ஒரு நிமிடம் கையை வைக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். என்னை அறியாமல் கை திரைப்பக்கம் போய்விட்டது.

இனியா சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதம்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கட் ஆயிடும்."